சீம்பால் சட்டி

இடா கிராட்டன் வாயைத் திறந்தால் பாதி வாக்கியம்தான் வரும். மீதியை எதிரில் நிற்பவர் தானே போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். டெர்பிஷர் மேட்டுப் பண்ணைகளில் பிறந்தவர்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை. நான் அங்கே பிறந்தவள் இல்லை. அவள் சொன்ன ஒரு சின்னச் சொல்லை நான் என் ஊர் வழக்கப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதனால் வந்த வினை இருபத்திரண்டு வருஷம் நீண்டது.

என் ஊர் தெற்கே, சூளைப் புகைக்குக் கீழே. பதினான்கு வயதில் பீங்கான் பட்டறையில் சேர்ந்தேன். கல் மாதிரிக் கெட்டியாகச் சுட்டெடுக்கும் பழுப்புப் பீங்கான். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் நீள்வட்டச் சட்டி, புட்டிங் கிண்ணம், ரொட்டி வைக்கும் ஜாடி எல்லாம் அதில்தான். இங்கிலாந்தில் எவள் அடுப்பைத் திறந்தாலும் உள்ளே எங்கள் சட்டி ஒன்று இருக்கும் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். எனக்குத் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் சட்டியை இடது கையில் ஏந்தி, வலது கை விரல்முட்டியால் ஒரு தட்டு. நல்ல சட்டி 'ணங்' என்று ஒரு மூச்சு நேரம் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் 'தொப்' என்று சத்தம் அமுங்கிவிடும். நாளைக்கு அறுநூறு சட்டி தட்டுவேன். என் காது ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

இருபத்தியொரு வயதில் ரெஜி ராக்கைக் கல்யாணம் செய்துகொண்டு மேட்டுக்கு வந்தேன். ரெஜிக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கும் வேலை. ஊரில் எனக்கு வைத்த பெயர் சட்டிக்காரி. 'சட்டிக்காரி வந்துட்டா, தட்டிப் பாத்துத்தான் முட்டைகூட வாங்குவா' என்று கடையில் கேலி செய்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் சமையலறையில் பாத்திரங்கள் பளபளவென்று இருக்கும். அவர்கள் வீடுகளில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் வீட்டுக்கும் இடா பண்ணைக்கும் நடுவே ஒரு வயலும் ஒரு கல்சுவரும்தான். அப்போது அவளுக்கு அறுபது வயது. ஊர் இளசுகளுக்கெல்லாம் அவள் அத்தை. ஆறடி உயரம். செத்துப்போன அண்ணனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பாள். கல்யாணம் ஆகவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "மாடு கறக்கணும்ல" என்பாள். சத்தமே வராமல் சிரிப்பாள், தோள் மட்டும் குலுங்கும். ஜெபக்கூடத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். தன் மேல் மாட்டு வாடை அடிப்பது அவளுக்கே தெரியும், அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை. திங்கட்கிழமை பேக்வெல் சந்தையைத் தாண்டி அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. பொய் சொல்லத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். அந்தக் குணத்துக்காக நான் பின்னாளில் அவளை வெறுத்த நாட்களும் உண்டு.

நான் வருவதற்குச் சில வாரம் முன், குளிர்காலத் தொடக்கத்தில் அந்தப் பக்கம் கோமாரி வந்தது. அரசாங்க ஆட்கள் துப்பாக்கியோடு வந்து அவளுடைய ஒன்பது மாடுகளையும் சுட்டு, அவள் வயலிலேயே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். டாம்சன் என்ற ஒரே பசுதான் தப்பியது. காளையோடு சேர்ப்பதற்காக அதை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் விட்டிருந்தாள். இடாவின் அம்மா கல்யாணத்துக்கு ஓட்டிவந்த பசுவின் வம்சம் அது. டாம்சனுக்கு வயதாகிவிட்டது, இந்த ஈற்றுதான் கடைசி என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் காளைக் கன்றாகப் போனால் அந்த வம்சம் அதோடு சரி. அதனால் அந்த வருஷம் ஊரே டாம்சனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் எட்டு மாசம். என் வயிற்றை ஒருத்தரும் பார்த்ததாக நினைவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை டாம்சன் ஈன்றது. மறுநாள் காலை இடா துணி போட்டு மூடிய ஒரு சட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"கிடேரி" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம் மிஸ் கிராட்டன்."

"சீம்பால். சாப்ட்டுட்டு சட்டிய அப்படியே குடுத்துரு கண்ணு. கழுவிக்கிட்டெல்லாம் இருக்காத."

அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். என் ஊரில் பாத்திரத்தில் எதைக் கொடுத்தாலும் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். கழுவ வேண்டாம் என்பது கொடுப்பவளின் மரியாதை. தேய்த்துப் பளபளவென்று திருப்பித் தருவது வாங்குபவளின் மரியாதை. அவள் சொன்னாளே என்று அப்படியே கொடுத்தால் அடுத்த வாரம் தெரு முழுக்க நம் பேச்சாகத்தான் இருக்கும்.

சட்டியை வாங்கியதும் பழக்க தோஷத்தில் விரல்முட்டியால் தட்டினேன். 'தொப்.'

"விரிசல் விட்டிருக்கும் போலயே. சத்தம் செத்திருக்கு."

"நெறைஞ்சிருக்குல்ல."

"காலியா இருக்கறப்பவும் இப்படித்தானா?"

அவள் சட்டியின் மேல் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அது ஒரு நாளும் காலியா இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கி நடந்தாள்.

ரேஷன் சர்க்கரையும் ஜாதிக்காயும் போட்டு அடுப்பில் சுட்ட சீம்பால், மஞ்சளாகத் தளதளவென்று இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி நான், முக்கால்வாசியை ஒரே இருப்பில் தின்றேன். ரெஜிக்குத் தட்டில் கொஞ்சம் எடுத்து மூடினேன். அப்புறம்தான் சட்டியின் உட்புறத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சட்டி, உப்பு வீசிச் சுட்ட பழைய மெருகு. ஆனால் உள்ளே சுற்றிவர அடுக்கடுக்காகக் காய்ந்து கருகிய பால். எத்தனை வருஷத்துப் பாலோ. குமட்டிக்கொண்டு வந்தது. கொதிக்கும் தண்ணீர், சோடா, மணல், கத்தி முனை. ஒரு மணி நேரம் தேய்த்தேன். தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது. பிறகு வெள்ளையாக வந்தது. மூன்று தடவை தண்ணீர் மாற்றியும் வெள்ளை நிற்கவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நான்காவது தடவைதான் தெளிந்தது. தண்ணீரையெல்லாம் கல்சுவர் ஓரம் காஞ்சொறிச் செடிகள் மேல் கொட்டினேன்.

துடைத்து, ஏந்தி, தட்டினேன். 'ணங்' என்றது. விரிசலே இல்லாத அருமையான சட்டி. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. இரண்டு மூச்சு, ஐந்து மூச்சு ஆயிற்று, ஒலி நிற்கவில்லை. நான் தட்டிய லட்சக்கணக்கான சட்டிகளில் ஒன்றுகூட அப்படி ஒலித்ததில்லை. உள்ளங்கையை வைத்து அமுக்கினேன், நின்றது. அது நின்ற அதே நொடியில் வயலுக்கு அப்பால் டாம்சன் ஒரே ஒரு தடவை கத்தியது.

சட்டியை இடா வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் தொழுவத்தில் இருந்தாள். கூப்பிடவில்லை.

சாயங்காலம் ரெஜி வந்து கைகால் கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"சீம்பால் குடுத்துச்சாமே இடா அத்தை. சட்டி எங்க?"

"கழுவிக் குடுத்தாச்சு."

வாய்க்குப் போன ஸ்பூன் பாதியில் நின்றது. "என்ன பண்ணுனே?"

"கழுவுனேன். ஒரு மணி நேரம் தேய்ச்சேன். உங்க இடா அத்தைக்குக் கண்ணு தெரியலயோ என்னவோ, அவ்வளவு அழுக்கு."

"பெரிலு, சீம்பால் சட்டியக் கழுவக் கூடாதுடி."

"கழுவுனா?"

"கன்னு செத்துரும்."

நான் சிரித்தேன். "மலையையே வெடி வெச்சு ஒடைக்கறவன் பேசற பேச்சா இது?"

"எங்கம்மா கழுவ மாட்டா. பாதிரியார் பொண்டாட்டிகூட கழுவ மாட்டா. அவ காலேஜ்ல படிச்சவ. கழுவக் கூடாதுன்னா கூடாது, அவ்வளவுதான்."

ஸ்பூனைக் கீழே வைத்தான். அவன் பங்கை அவன் சாப்பிடவில்லை, என்னையும் சாப்பிட விடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டுமிராண்டிக் கூட்டம் என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் இடா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"கழுவுனியா?"

"ஆமாங்க. ஒரு மரியாதைக்கு... நீங்க சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குச் சும்மா சொல்லப் போறேன்?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "தண்ணிய எங்க ஊத்துனே?"

இடத்தைக் காட்டினேன். அந்தப் பெரிய உடம்பைச் சுவர் மேல் தூக்கிப் போட்டுத் தாண்டிவந்து மண்டியிட்டாள். காஞ்சொறிச் செடிகளுக்குள் வெறுங்கையை விட்டு மண்ணில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். தொட்டால் தீயாக எரியும் செடி. அவள் முகம் சுளிக்கவில்லை.

"இன்னும் சூடா இருக்கு."

பனித்துளி விழுந்து புல்லெல்லாம் சில்லிட்டுக் கிடந்த காலை. நேற்று மத்தியானம் கொட்டிய தண்ணீர் அது. நானும் குனிந்து அவள் கைக்குப் பக்கத்தில் தொட்டேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது.

தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தேன். கன்று வைக்கோலில் பக்கவாட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது. அடிக்கொரு தரம் வாயைத் திறந்து கத்தப் பார்த்தது, சத்தம் வரவில்லை. டாம்சனின் மடி ஒரே ராத்திரியில் வற்றித் தோலாகத் தொங்கியது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். இரண்டும் நல்லாத்தான் இருக்கு, என்னன்னே புரியல என்று சொல்லிவிட்டுப் போனார். இடா என்னைத் திட்டவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அன்று மத்தியானமே எனக்கு வலி எடுத்தது, ஒரு மாசம் முன்னதாக. சனிக்கிழமை காலை பெண் பிறந்தாள். எலிக்குஞ்சு அளவுதான் இருந்தாள், ஆனால் வீடு அதிரக் கத்தினாள். நர்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறொரு வீட்டுப் பிரசவத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டது. இடா கையில் அந்தச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

"பொண்ணா?"

"பொண்ணு."

"கன்னு இன்னிக்குப் பொழுது தாண்டாது." கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ ஒழிச்சத நீதான் நெரப்பணும்."

"எத வெச்சு நெரப்ப?"

அவள் என் மார்பைப் பார்த்தாள். சட்டை நனைந்திருந்தது.

"அது எம்புள்ளைக்கு உள்ளது மிஸ் கிராட்டன்."

"ஒரு ஸ்பூன்தான். புள்ளைக்கு மிச்சம் இருக்கும்."

ரெஜி குறுக்கே வந்தான். "இடா அத்தை, இது வேண்டாம். பெத்து மூணு மணி நேரம்கூட ஆகல."

"உங்கிட்டப் பால் இருந்தா உங்கிட்டக் கேட்டிருப்பேன் ரெஜி. தள்ளு."

"குடுத்தா எம்புள்ளைக்கு ஏதாவது ஆகுமா?" என்று நான் கேட்டேன்.

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். வேறு எவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். இடா யோசித்தாள். "ரெண்டும் ஒரு சட்டியில குடிச்சதா ஆயிரும். ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வரும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது கண்ணு."

நான் இதையெல்லாம் நம்பவில்லை. நம்பாதவளுக்கு ஒரு ஸ்பூன் பால் கொடுப்பதில் என்ன பயம்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்றின் சத்தமில்லாத வாய் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. சட்டியை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழ விழச் சட்டி சூடாகிக்கொண்டே வந்தது. இடா சுண்டுவிரலால் அதில் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் தடவினாள். பிறகு சட்டியின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினாள். அடியில் ஒரு ஸ்பூன் பால்தான் இருந்தது. 'தொப்' என்றது.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். கன்று சட்டியை நக்கியதையும், நாலு காலையும் உதறிக்கொண்டு எழுந்ததையும், டாம்சன் மடியில் பால் இறங்கித் தரையில் சொட்டியதையும் பின்னாலேயே ஓடிய ரெஜி தொழுவத்து வாசலில் நின்று பார்த்தான். மாடிக்கு வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னான். கன்றுக்கு இடா பிரையனி என்று பெயர் வைத்தாள். நாங்கள் எங்கள் பெண்ணுக்கு லோர்னா என்று வைத்தோம்.

முதல் வருஷம் கன்றின் இடது காதுக்குப் பின்னால் படர்தாமரை வந்தது. லோர்னாவுக்கும் இடது காதுக்குப் பின்னால் வந்தது. மாட்டுக்கு வந்தால் குழந்தைக்கு ஒட்டுவது சகஜம் என்று நர்ஸ் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. லோர்னாவுக்கு ஆறு வயதானபோது பிரையனி முள்கம்பியில் மாட்டி முன்காலைக் கிழித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் மூன்று மைல் தள்ளியிருக்கும் பள்ளியிலிருந்து வந்த லோர்னாவின் முழங்காலில் நீளமாக ஒரு கீறல். எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். எங்கயும் விழலையே அம்மா என்றாள். இதற்கு என்ன சொல்வாள் என்று கேட்க நான் நர்ஸிடம் போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அந்தப் பெரிய உறைபனி. ஜன்னல் உயரத்துக்குப் பனி மூடி, பத்து நாள் எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் போக முடியவில்லை. லோர்னாவுக்கு நிமோனியா. டாக்டர் வர வழியில்லை. பத்து நாள் அவள் வாயில் ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. பதினோராவது நாள் காலையில் பனியைக் கையால் வெட்டிக்கொண்டு ஓர் உருவம் வயலில் வந்தது. இடாதான். தன் மெத்தை, போர்வை எல்லாவற்றையும் தொழுவத்துக்குக் கொண்டுபோய்ப் பிரையனி மேல் போட்டுவிட்டு, பத்து நாளும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். வாசலில் நின்றவளுக்கு உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது.

"தின்னுட்டா" என்றாள்.

"யாரு?"

"பிரையனி. போ, உம்பொண்ணு இப்பக் கஞ்சி கேப்பா."

நான் திரும்புவதற்குள் மாடியிலிருந்து லோர்னா, "அம்மா, பசிக்குது" என்று கூப்பிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தோடு படியேறினேன். அழுகை வந்தது. அன்றைக்குத்தான் நான் முழுசாக நம்பினேன்.

இதற்கு வெகு முன்பே பிரையனி மலடென்று தெரிந்துபோயிற்று. மூன்று வருஷம் காளைக்கு விட்டுப் பார்த்தும் பிடிக்கவில்லை. எந்த வம்சத்துக்காக அந்தக் கன்றைக் காப்பாற்றினாளோ அந்த வம்சம் அதோடு நின்றது. ஒரு சொட்டுப் பால் தராத மாட்டை வேறு யாராக இருந்தாலும் கசாப்புக்கு அனுப்பியிருப்பார்கள். கசாப்புக்காரன் வருஷா வருஷம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "அதை எதுக்கு இடா கட்டிக்கிட்டு அழற? அதுக்குப் பதிலா ஒரு நாய் வளக்கலாம், குரைக்கவாவது செய்யும்" என்பான். "உன்னைய வளத்தாங்களே உங்கம்மா, என்ன கண்டாங்க?" என்பாள் இவள். டாம்சன் செத்த பிறகு பிரையனி மட்டும்தான். வயல் பாதியைக் குத்தகைக்கு விட்டாள். ஜெபக்கூடம் பெருக்கினாள். டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள், பிறகு டீயையே நாளைக்கு ஒன்றாகக் குறைத்தாள். மாட்டுக்குப் பல் விழுந்ததும் டர்னிப் கிழங்கை வேகவைத்து, மசித்து ஊட்டினாள். நான் வாராவாரம் ஒரு மூட்டை தவிடு கொண்டுபோய் வைப்பேன். இரண்டு பேரும் அந்த விஷயத்தைப் பேசமாட்டோம். ஒரே ஒரு தடவை அவளாகச் சொன்னாள். "புள்ளைக்குச் சொல்லிராத கண்ணு. மாட்டப் பாத்துப் பயந்துக்கிட்டே வளரும்." நான் சொல்லவில்லை.

எழுபத்து நான்கு மார்ச். லோர்னா ஷெஃபீல்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே அறையெடுத்துத் தங்கியிருந்தாள். இடாவுக்கு எண்பத்திரண்டு. வயிற்றில் கட்டி. செஸ்டர்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தால் பிழைத்துக்கொள்வாள், இரும்பு உடம்பு, இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். ஆனால் மூன்று மாசம் வீட்டை விட்டு இருக்க வேண்டும். பிரையனி அப்போது இவளைத் தவிர வேறு யார் கையாலும் சாப்பிடுவதில்லை. நான் ஊட்டிப் பார்த்திருக்கிறேன். மென்றுகொண்டே என்னைப் பார்க்கும், அப்புறம் துப்பிவிடும்.

ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மேஜை வரை வந்திருந்தது.

"டாக்டர் வண்டி அனுப்பறேங்கறாரு. வெள்ளிக்கிழம."

"ம்."

"நான் போனா அது திங்காது."

"ம்."

அவள் மேஜை மேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் ஒதுக்கிச் சேர்த்தாள். பிறகு மனசில் இருந்ததை முழுசாகச் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எனக்குச் சாக இஷ்டமில்ல கண்ணு. நீ சொல்லு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் மாடுதான், நீங்க போயிட்டு வாங்கன்னு நீ ஒரு வார்த்த சொன்னா நான் போறேன்."

அந்த வார்த்தை எனக்குத் தெரியாததா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரையே மூடநம்பிக்கைக் கூட்டம் என்று வைதவள் நான். ஷெஃபீல்டில் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருக்கும் என் பெண்ணை நினைத்தேன். எழுந்து கெட்டிலை எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். அது நிரம்பி வழிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்று எனக்குப் பின்னால் இடா சொன்னாள். "டீத்தூள் மேல் தட்டுல இருக்கு பாரு."

வெள்ளிக்கிழமை வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினாள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் தொழுவத்துக்குத் தவழ்ந்துகூடப் போனாள். ஜூன் பத்தாம் தேதி காலை என் கையைப் பிடித்துக்கொண்டு செத்தாள். வலியில் கட்டில் சட்டத்தைக் கடித்த பல் தடம் மரத்தில் இருந்தது. கடைசியாகப் பேசியது, "அதுக்குத் தண்ணி காட்டு."

நான் ராப்பகலாகத் தொழுவத்திலேயே கிடந்தேன். டர்னிப் மசித்தேன், கெஞ்சினேன், அதன் வாயைப் பிளந்து ஊற்றினேன். பிரையனி வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. நாலு நாள்கூடத் தாங்காது என்றார் மாட்டு டாக்டர். ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை என் மடியில் போட்டது. எழுந்து ஓடினேன். தபாலாபீஸ் வாசலில் இருக்கும் டெலிபோன் கூண்டு ஒரு மைல் தூரம். நாற்பத்து மூன்று வயதில் அப்படி ஓடினேன். நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சுற்றினேன். கடைக்காரி எடுத்து, இருங்க கூப்பிடறேன் என்றாள். கூண்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிஷத்தை எண்ணினேன்.

"அம்மா? என்னம்மா, வேல நேரத்துல?"

"லோர்னா, நல்லா இருக்கியா? உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலயே. ராத்திரி டான்ஸுக்குப் போனோம், காலு ரெண்டும் கொப்புளம். ஏன் இப்படி மூச்சு வாங்கற? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"பிரையனி செத்துருச்சு."

"அந்தக் கெழட்டு மாடா?" அவள் சிரித்துவிட்டாள். "அது இன்னுமா உசுரோட இருந்துச்சு?"

அவளுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், தலைவலிகூட வருவதில்லை. இடா அத்தை தன் உயிரைக் கொடுத்து நம்ம பிள்ளையை விடுவிச்சுட்டுப் போயிருச்சு என்று ரெஜி சொல்கிறான். நானும் அதையேதான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். அது உண்மையில்லை என்றால், அது எப்போதுமே வெறும் மாடுதான் என்றால், சாக இஷ்டமில்லை என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்ன ஒருத்தியை நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சாகவிட்டிருக்கிறேன். உலகத்தில் எல்லாரும் இதுபோன்ற விஷயங்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறார்கள். உண்மையாக இருக்க வேண்டும் என்று தினமும் மண்டியிட்டு வேண்டிக்கொள்கிறவள் நான் ஒருத்திதான்.